பியானோக் கட்டை கனக்கிறது, விற்றுவிடலாமா?

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரிலிருந்து கணித ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 47. பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். ஆறு பக்கக் கடிதத்தின் சாரம் இது.

தந்தையிடம் ஹார்மோனியம் கற்றவர். 22 ஆண்டுகளாக ஊர்த் தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு 61 கட்டை கீபோர்டு வாசித்து வருகிறார். மேல்நாட்டு மெட்டுகளில் அமைந்த பாமாலையும் நம் இசையில் அமைந்த கீர்த்தனையும் அவருக்கு மனப்பாடம். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் எலக்ட்ரானிக் கீபோர்டு பிரிவில் மூன்றாம் கிரேடு தேறிவிட்டாள். இனிப் பியானோவுக்கு மாறட்டும் என்று அவளுடைய ஆசிரியை சொன்னதால், மனைவியின் வளையல்களை அடகு வைத்து, கடந்த மே மாதம் திருச்சியில் 62,000 ரூபாய்க்கு 88 கட்டை டிஜிட்டல் பியானோ வாங்கியிருக்கிறார்கள். உள்ளே சுத்தியல் அமைப்பு உள்ள, கனமான கட்டைகள்.

கடை ஊழியர் வாசித்துக் காட்டியபோது உருண்டு வந்த நாதம், வீட்டில் இவர் கை வைத்ததும் முரடாகிவிட்டது. சில சுரங்கள் கத்துகின்றன, சில ஒலிக்கவே மறுக்கின்றன. கத்துவதைக் குறைப்பதற்காக ‘டச்’ அமைப்பை ‘ஹார்டு’ என்று மாற்றினார். அதன் பிறகு அரை மணி நேரம் வாசித்தாலே இரண்டு முன்கைகளும் வலிக்கின்றன. ஆர்கன் டோனில் விரல் ஓடவில்லை. கீர்த்தனையில் வேகமாக அடுக்கி வரும் ஒரே சுரங்கள் விழுந்துபோகின்றன. கட்டைகள் ‘டக் டக்’ என்று சத்தம் போடுகின்றன. நடு ‘ஸி’க்கு மேலே உள்ள ‘எஃப்’ மட்டும் எப்படித் தொட்டாலும் மற்றவற்றைவிட உரக்க ஒலிக்கிறது. ‘பழகப் பழகச் சரியாகும், திருப்பி எடுக்க முடியாது’ என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பாடகர் குழுவில் ஒரு நண்பர், கனமான கட்டைதான் உயர்ந்தது, பொறுத்துக்கொள் என்கிறார். இன்னொருவர், விற்றுவிட்டு லேசான கட்டையாக வாங்கு என்கிறார். ‘என் விரல்களுக்கு வயதாகிவிட்டதா, பியானோவில்தான் குறையா? விற்றுவிடலாமா?’ என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரருக்கு, வணக்கம்.

விற்க வேண்டாம். வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்டதாக நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் விரல்களுக்கு வயதாகவில்லை. பியானோவில் ஒரே ஒரு கட்டையில் குறை இருப்பதாகத் தெரிகிறது. அதைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம். மற்றதெல்லாம், ஒரு வகைக் கட்டையில் ஆண்டுக்கணக்கில் பழகிய கை வேறொரு வகை இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பதால் வருவது.

நான் தஞ்சாவூரில் 26 ஆண்டுகளாகப் பியானோ கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் ஹார்மோனியத்திலிருந்தோ லேசான கீபோர்டிலிருந்தோ வருபவர்கள்தான். நானும் அப்படி வந்தவள். பாட்டி வீட்டு ஹார்மோனியத்தில் விரல் பழகிய நான் 15 வயதில் முதன்முறையாக நிஜப் பியானோவின் முன்னால் உட்கார்ந்தபோது, தொடங்கிய முதல் வரியிலேயே பாதிச் சுரங்கள் ஒலிக்கவில்லை. விரல் கட்டைகளைத் தடவிக்கொண்டு போயிற்றே தவிர, உள்ளே சுத்தியல் கம்பியை எட்டவே இல்லை. அறையில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ‘சில ஒலிக்கவே மறுக்கின்றன’ என்ற உங்கள் வரியைப் படித்ததும் அந்த அறைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அது கருவியின் குறை அல்ல. நிஜப் பியானோவிலும் கட்டையை மிக மெதுவாக இறக்கினால் ஒலி வராது. உங்கள் டிஜிட்டல் பியானோ அதையும் சேர்த்தே பின்பற்றுகிறது.

கனம் எதற்காக?

கனமான கட்டையால் ஒலி நன்றாக வரும் என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறீர்கள். கடையிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இது பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

பியானோவின் கட்டை, கிணற்று ஏற்றம் போன்ற ஒரு நெம்புகோல். நீங்கள் ஒரு நுனியை இறக்கினால் மறு நுனி எழுந்து சுத்தியலைக் கம்பியின்மீது எறிகிறது. 1700ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி இதை உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டு என்ற கட்டைக் கருவியில் கம்பி மீட்டப்பட்டது. ஓங்கித் தொட்டாலும் மெல்லத் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே ஒலி. சுத்தியல் வந்த பிறகு விரலின் வேகம் ஒலியில் தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் ‘மென்மையும் உரப்பும்’ என்ற பொருளில் கருவிக்கு அந்த இத்தாலியப் பெயர் அமைந்தது. கட்டை கனமாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு யாரும் விரும்பிச் செய்யவில்லை. மரமும் உறையும் கொண்ட சுத்தியலைத் தூக்க வேண்டியிருந்ததால் கனம் வந்து சேர்ந்தது.

டிஜிட்டல் பியானோவில் அடிக்க வேண்டிய கம்பியே இல்லை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு அல்லது மூன்று உணரிகள் (சென்சார்கள்) அடுத்தடுத்து இருக்கின்றன. கட்டை இறங்கும்போது முதல் உணரியைத் தொட்டதற்கும் அடுத்ததைத் தொட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் வேகம் அதிகம் என்று பொருள். அந்த வேகத்தை 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாக மாற்றுகிறது. மின்னணு இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983-ல் நடைமுறைக்கு வந்த மிடி முறையின் அளவுகோல் இது. அந்த எண்ணுக்கு உரிய பியானோ ஒலியைத் தன் நினைவகத்திலிருந்து எடுத்து ஒலிக்கிறது. எண் ஏற ஏற ஒலி உரப்பது மட்டுமல்ல, கூர்மையும் ஏறுகிறது.

ஆகவே லேசான கட்டையிலிருந்து 64 என்ற எண் போனாலும், கனமான கட்டையிலிருந்து 64 போனாலும், ஒரே ஒலிதான் வரும். கனம் ஒலியைத் தொடுவதே இல்லை. அது உங்கள் விரல் 64-ஐக் கண்டுபிடிப்பதற்காக இருக்கிறது.

லேசான கீபோர்டில் ஸ்பிரிங் மட்டும்தான் தடுக்கிறது. விரல் பட்ட உடனே கட்டை அடியைத் தொட்டுவிடும். 50 வேண்டுமா, 100 வேண்டுமா என்று கை தீர்மானிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். அதனால்தான் கீபோர்டில் பியானோ டோன் வாசிக்கும்போது நடுநடுவே சில சுரங்கள் காரணமில்லாமல் துள்ளும். உங்கள் தேவாலயக் கீபோர்டிலும் துள்ளியிருக்கும். தாளமும் ஸ்டிரிங்ஸ் டோனும் சபையாரின் குரலும் சேர்ந்து அதை மறைத்திருக்கும். வீட்டில், தனியாக, வெறும் பியானோ டோனில் வாசிக்கும்போது மறைக்க எதுவும் இல்லை. நீங்கள் இத்தனை ஆண்டுகளாக வாசித்துவந்த அதே துள்ளலைத்தான் இப்போது முதன்முறையாகக் கேட்கிறீர்கள். கனமான கட்டை அதை உண்டாக்கவில்லை. அதைச் சரிசெய்ய உங்களுக்கு ஒரு பிடி கொடுத்திருக்கிறது. தளர்ந்துபோன மிருதங்கத்தில் எவ்வளவு தேர்ந்த கையாலும் நுணுக்கம் காட்ட முடியாது. விரலைத் திருப்பி அனுப்பும் இறுக்கம் தோலில் வேண்டும். கட்டையின் கனமும் அப்படித்தான்.

ஒரு சிறிய சோதனை சொல்கிறேன். கணித ஆசிரியரான உங்களுக்குப் பிடிக்கும். மகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை நிற ஐந்து ரூபாய் நாணயங்களில் சிறியது ஒன்று 6 கிராம். அதன் அகலம் 23 மில்லிமீட்டர். வெள்ளைக் கட்டையின் அகலமும் ஏறக்குறைய அதுதான். நடு ‘ஸி’யின் முன்விளிம்பில் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, தட்டாமல், மெதுவாக அடுக்குங்கள். நிஜப் பியானோவில் வலது பெடலை மிதித்துக்கொண்டு இப்படி அடுக்கினால் எட்டு, ஒன்பது நாணயங்களில் கட்டை தானாக இறங்கத் தொடங்கும். அதாவது 50 கிராம் அளவில். உங்கள் கருவியில் ஒன்றிரண்டு நாணயம் கூடலாம், குறையலாம். பிறகு இடது கோடியிலும் வலது கோடியிலும் அடுக்கிப் பாருங்கள். இடப்பக்கம் கூடுதலாகவும் வலப்பக்கம் குறைவாகவும் தேவைப்பட்டால், நிஜப் பியானோவில் மந்தர சுரங்களின் சுத்தியல்கள் பெரிதாக இருப்பதைப் போலவே உங்கள் கருவியிலும் படிப்படியாகக் கனம் வைத்திருக்கிறார்கள்.

ஐம்பது கிராம் என்பது ஒரு நடுத்தர எலுமிச்சம்பழத்தின் எடை. உங்கள் முன்கை வலிப்பதற்கு அந்த எலுமிச்சை மட்டும் காரணமாக இருக்க முடியாது. நாணயம் காட்டாத ஒன்றும் இருக்கிறது. ஊஞ்சலில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது மெதுவாகத் தள்ளினால் ஒற்றை விரலுக்கே அசையும். சட்டென்று வேகமாகத் தள்ள நினைத்தால் தோள் வலிக்கும். சுத்தியலும் அப்படித்தான். மெல்ல வாசிக்கும்போது தெரியாத கனம், வேகமாகவும் உரக்கவும் அடிக்கும்போது பல மடங்காகத் தெரியும். நீங்கள் ‘ஹார்டு’ அமைப்பில் வைத்துக்கொண்டு செய்தது இதைத்தான்.

கை ஏன் வலிக்கிறது

அந்த அமைப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன். ‘ஹார்டு’ என்று மாற்றியதால் கட்டையின் கனம் ஒரு கிராம்கூடக் கூடவில்லை, குறையவும் இல்லை. வேகத்தை ஒலியாக மாற்றும் கணக்கு மட்டும் மாறியது. முன்பு நடுத்தர வேகத்தில் கிடைத்த உரப்பு, இப்போது ஓங்கி அடித்தால்தான் கிடைக்கும். கத்தல் குறைந்தது உண்மை. ஆனால் அதே பாட்டுக்குக் கை கூடுதலாக உழைத்தது. இன்றே ‘மீடியம்’ அமைப்புக்குத் திரும்பிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு ‘சாஃப்ட்’ அல்லது ‘லைட்’ என்று இருந்தாலும் தவறில்லை.

அதோடு ஒலியளவைக் கூட்டி வைத்து வாசியுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று ஒலியைக் குறைத்து வைப்பவர்கள் தங்களை அறியாமல் ஓங்கி அடிக்கிறார்கள். காதுக்குப் போதாததைக் கை ஈடுகட்டப் பார்க்கிறது. ஒரே கட்டை, ஒலி மங்கலாக இருந்தால் கனமாகவும், ஒலி தெளிவாக இருந்தால் லேசாகவும் தோன்றும். இதை என் மாணவர்களிடம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இரவு நேரத்தில் நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: ‘சாப்பாட்டு மேசைமேல் வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறேன்.’ எனக்கு அதிகம் கவலை தந்த வரி இதுதான். சாப்பாட்டு மேசை ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரம். அதன்மேல் பியானோ ஏறினால் கட்டைகளின் மேற்பரப்பு 85 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். நிஜப் பியானோவில் அது தரையிலிருந்து 70 முதல் 75 சென்டிமீட்டர் வரைதான். நீங்கள் முழங்கை தாழ்ந்து, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி, விரலைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். லேசான கீபோர்டில் இந்தத் தவறைக் கை மன்னித்துவிடும், இங்கே மன்னிக்காது. உங்கள் ஊர்ப் பக்கத்துத் தச்சரிடம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் உறுதியான ஒரு மரத் தாங்கி செய்யச் சொல்லுங்கள். ஆட்டம் காணும் கத்தரிக்கால் ஸ்டாண்டு வேண்டாம். உட்கார்ந்தால் முன்கை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். நாற்காலி தாழ்வாக இருந்தால் ஒரு பலகையைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். இந்த வகைப் பியானோக்கள் பலவற்றில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் பார்த்தபடி இருக்கும். மேசைவிரிப்பின்மேல் வைத்தால் ஒலி அதிலேயே அமுங்கிப்போகும். கடையில் கேட்ட நாதம் வீட்டில் கேட்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது காரணம் ஹார்மோனியம் தந்த பழக்கம். ஹார்மோனியத்தில் கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் காற்று போகும், சுரம் நிற்கும். அந்தப் பழக்கத்தில் நீங்கள் பியானோக் கட்டையையும் அடியில் அழுத்திக்கொண்டே இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தொட்டுத் திரும்பிய பிறகு நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் ஒலியில் எதுவும் மாறாது. டிஜிட்டலிலும் கடைசி உணரியைத் தாண்டிய பிறகு எண் தீர்மானமாகிவிட்டது. கட்டை மேலெழாமல் இருக்க ஒரு சிறிய தொடுகை போதும். மீதி அழுத்தமெல்லாம் உங்கள் தசைக்குத்தான் போகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைத் தள்ளிவிட்டால் அடிக்கனம் அதைத் தானே நிமிர்த்தும் அல்லவா? கட்டையும் அப்படித்தான் எழுகிறது. நீங்கள் வழிவிட்டால் போதும்.

வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லும் நண்பரின் பேச்சை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். நாள் முழுவதும் கரும்பலகையில் கையைத் தூக்கி எழுதுபவர் நீங்கள். மாலையில் அதே முன்கையைத்தான் பியானோவுக்கும் கொண்டுவருகிறீர்கள். முதல் மூன்று வாரம், காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் போதும். வலி தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். விரல்கள் மரத்துப்போவது, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, பிடிமானம் தளர்வது இவற்றில் ஏதாவது இருந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது பயிற்சியால் தீரும் விஷயம் அல்ல.

கனம் கூடினால் தரம் கூடுமா

கூடாது. மலிவான சில கருவிகளில் கட்டை நல்ல பியானோவைவிடக் கனமாகவே இருக்கும். தரத்தைக் காட்டுபவை வேறு. ஒன்று, கட்டையின் உள்நீளம். ஏற்றத்தின் நுனிக்குப் போய் மிதித்தால் மரம் சுலபமாக இறங்கும். தாங்கும் தூணுக்கு அருகில் நின்று மிதித்தால் அசையாது. சிறிய டிஜிட்டல் பியானோக்களில் கட்டையின் உட்பகுதி குட்டையாக இருப்பதால், கறுப்புக் கட்டைகளுக்கு இடையே விரல் போகும்போது சட்டென்று கனம் கூடும். நீங்கள் இதை இதுவரை உணர்ந்திருக்க மாட்டீர்கள். சுருதியை மாற்றும் ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தானைப் போட்டு எல்லாப் பாட்டையும் ‘ஸி’யிலேயே வாசித்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள்; தேவாலயங்களில் பலரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். மகள் பியானோப் பாடத்தில் ‘ஈ ஃபிளாட்’, ‘ஏ ஃபிளாட்’ என்று வரும்போது அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். கையை முழுதாக உள்ளே நகர்த்தி வாசிக்க அவளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். விரலை மட்டும் நீட்டி எட்டக் கூடாது.

இன்னொன்று, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. பழைய பியானோக்களில் கட்டை முழுவதும் மேலே வந்தால்தான் மறுபடி அடிக்க முடியும். 1821-ல் பியானோத் தயாரிப்பாளர் செபாஸ்டியன் எரார்டு, கட்டை பாதி எழுந்த நிலையிலேயே மறுபடி அடிக்கும்படி அமைப்பை மாற்றிக் காப்புரிமை பெற்றார். டிஜிட்டலில் அந்த வேலையை மூன்றாவது உணரி செய்கிறது. உங்கள் கருவியின் கையேட்டில் இரண்டு உணரியா மூன்றா என்று பாருங்கள். இரண்டுதான் என்றால் கட்டையை முழுவதும் எழவிட்டு அடிக்க வேண்டும். கீர்த்தனையில் சுரங்கள் விழுந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். எதுவானாலும் ஒரே விரலால் தட்டாதீர்கள். மூன்றாம் விரல், இரண்டாம் விரல், கட்டைவிரல் என்று மாற்றி மாற்றி அதே சுரத்தில் விடுங்கள்.

ஆர்கனும் கீர்த்தனையும் எங்கே?

இரண்டாவது நண்பர் சொன்னதில் இந்த இடத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. ஆர்கனின் கட்டை திறந்து மூடும் ஒரு கதவு. அழுத்தினால் ஒலி, விட்டால் மௌனம். வேகத்துக்கு அங்கே வேலை இல்லை. அதற்குச் சுத்தியலின் கனம் வெறும் சுமை. கீர்த்தனைக்கு வேறொரு சிக்கலும் உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்களின் கீர்த்தனைகளில் வரும் அசைவுகளை நீங்கள் கீபோர்டின் இடப்பக்கம் உள்ள ‘பிட்ச் பெண்ட்’ சக்கரத்தை உருட்டித்தான் கொண்டுவருகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். டிஜிட்டல் பியானோக்கள் பெரும்பாலானவற்றில் அந்தச் சக்கரம் கிடையாது. கனத்தை எவ்வளவு பழகினாலும் அந்த நெளிவு வராது.

ஆகவே பழைய கீபோர்டையும் விற்காதீர்கள். அது தேவாலயத்திலேயே இருக்கட்டும். ஆர்கன், ஸ்டிரிங்ஸ், கீர்த்தனை எல்லாம் அதில். பியானோ வீட்டில் இருக்கட்டும். உப்புக் காற்றில் ஞாயிறுதோறும் வண்டியில் ஏற்றி இறக்கும் சாமான் அல்ல அது. இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துப் பியானோக் கட்டையிலிருந்து கீபோர்டின் டோன்களை வாசிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டிலும் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. வாய் மட்டும் இருந்தால் நேரடியாக இணையாது; நடுவில் ஒரு கணினியோ அதைப் போன்ற வேறொரு இணைப்புக் கருவியோ வேண்டும்.

பியானோவில் என்ன வாசிப்பது? பாமாலை. நான்கு குரலாக எழுதப்பட்ட ஒரு பாமாலையை எடுத்து, முதல் நான்கு சுரக்கட்டுகளை (கார்டுகளை) மட்டும், அவசரமில்லாமல் வாசியுங்கள். நான்கு விரலும் ஒன்றாக இறங்கட்டும். ஆனால் வலது சுண்டுவிரல் மட்டும் ஒரு துளி வேகமாக இறங்கட்டும். மேல்குரல் மற்ற மூன்றுக்கும் மேலே மிதந்து கேட்கும். முதல் நாள் வராது. சுண்டுவிரலோடு சேர்ந்து மற்ற விரல்களும் வேகமெடுத்துவிடும். கை முழுவதையும் சுண்டுவிரல் பக்கமாக ஓர் எள்ளளவு சாய்த்துப் பாருங்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அந்த மேல்குரல் தனியாக எழும்பும். அது எழுந்த பிறகு, எத்தனையோ ஞாயிறு வாசித்த அந்தப் பாட்டு உங்களுக்கே புதிதாகக் கேட்கும். ஹார்மோனியமோ ஆர்கனோ ஒரே கட்டைவரிசையில் இதைத் தர முடியாது. லேசான கீபோர்டில் தற்செயலாக வரும்; நினைத்தபோது வராது. வளையல்களை அடகு வைத்து நீங்கள் வாங்கியது இதைத்தான்.

மகளைப் பற்றி இரண்டே வார்த்தை. அவள் தேறியது எலக்ட்ரானிக் கீபோர்டு பாடத்திட்டம். பியானோப் பாடத்திட்டம் வேறு. மூன்றாம் கிரேடு முடிந்தது, அடுத்து பியானோவில் நான்கு என்று நேராக ஏற்றிவிட வேண்டாம். கீபோர்டில் இடது கை சுரக்கட்டுகளைப் பிடித்தால் கருவியே தாளத்தையும் பின்னணியையும் நிரப்பிவிடும். பியானோவில் அந்த வேலை முழுவதும் இடது கைக்கு வருகிறது. ஒன்று அல்லது இரண்டாம் கிரேடுப் பாடங்களில் ஆறு மாதம் இருக்கட்டும். தேர்வுக்குப் போகும் முன் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ கம்பியுள்ள நிஜப் பியானோவில் நான்கைந்து முறையாவது அவள் வாசித்திருக்க வேண்டும். தஞ்சாவூருக்கு அழைத்து வந்தால் என் வீட்டுப் பியானோ அவளுக்குத் திறந்திருக்கும்.

‘எஃப்’ கட்டையும் கடையும்

‘டக் டக்’ சத்தம் குறை அல்ல. நிஜப் பியானோவிலும் அது உண்டு. கம்பியின் ஒலி அதை மூடிவிடுகிறது. மேசைப் பலகை அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. தாங்கி மாறி, அடியில் ரப்பர் விரிப்புப் போட்டால் பாதி அடங்கும். இதற்காகக் கடைக்காரரிடம் சண்டை வேண்டாம்.

அந்த ‘எஃப்’ வேறு விஷயம். கட்டைக்கு அடியில் உள்ள ரப்பர்த் தொடுமுனையில் தூசி புகுந்தாலோ, முனை சரியாகப் பொருந்தாவிட்டாலோ, உணரிகளுக்கு இடையிலான நேரத்தைக் கருவி தவறாக அளந்து எப்போதும் பெரிய எண்ணையே தரும். இது பழகினால் சரியாகாது. உறுதிப்படுத்திக்கொள்ள, பியானோவைக் கணினியில் இணைத்து, மிடி எண்ணைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்து வையுங்கள். ஒரே விரலால், ஒரே மாதிரி, ‘ஈ’, ‘எஃப்’, ‘ஜி’ மூன்றையும் பத்துப் பத்து முறை தட்டுங்கள். பக்கத்துக் கட்டைகள் 50, 60 என்று காட்டும்போது ‘எஃப்’ மட்டும் 100-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் குறை உறுதி. அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்களாகத் திறந்து பார்க்காதீர்கள், வாரண்டி போய்விடக்கூடும்.

பிறகு கடைக்கும், தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். ‘பியானோ பிடிக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘ஒரு கட்டையின் உணரி பழுது, வாரண்டியில் சரிசெய்து தருக’ என்று மட்டும் எழுதுங்கள். திருப்பி எடுக்க மாட்டோம் என்பது கடையின் கொள்கையாக இருக்கலாம். வாரண்டியில் உள்ள பழுதை நீக்காமல் இருக்க அது காரணமாகாது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட ஆணையத்தில், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. ஒரு மெக்கானிக் வந்து அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டுப் போகக்கூடிய வேலைதான்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் அந்தப் புகார்க் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். பில்லின் நகலையும் வாரண்டி அட்டையின் நகலையும் சேர்த்து, விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்).